கோட்டையும் புதிரும்: ‘லேபிரிந்த்’ என்னும் சொல்லைத் தமிழாக்குவதில் ஒரு நோக்கு

பெங்களூர் கோட்டையாகத் தொடங்கிய நகரம். 1537இல் முதலாம் கெம்பே கௌடர் மண்ணால் எழுப்பிய கோட்டை 1761இல் ஹைதர் அலியால் கல்லில் மாற்றிக் கட்டப்பெற்றது. இன்று கிருஷ்ணராஜேந்திரச் சந்தையை அடுத்து அதன் ஒரு வாயிலும் சிறிது மதிலுமே எஞ்சியுள்ளன. மதில் போன பின்னும் சொல் போகவில்லை. அப்பகுதியிலுள்ள வேங்கடரமணர் கோயிலை மக்கள் ‘கோட்டெ வேங்கடரமணர்’ என்றே சுட்டுகின்றனர். கோட்டை என்னும் சொல் கன்னடர்க்கும் தமிழர்க்கும் பொதுவாக வழங்கும் இந்நகரம், இங்கு ஆராயப்படும் மொழிபெயர்ப்பு இடர்ப்பாட்டுக்கு இயல்பான களமாக அமைகிறது.

திறந்த வெளியில் கற்களை வரிசையாக இட்டு, ஒரு வாயிலும் ஒரே வழியும் உடைய வளைவுகளை அமைத்து, பலர் கூடி அவ்வழியே நடுவிடம் வரை நடந்து மீளும் கலையை ஆங்கிலத்தில் லேபிரிந்த் என்பர். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் மேலைநாடுகளில் அது புத்துயிர் பெற்றது. பிரான்சு நாட்டுச் சார்த்ர் பேராலயத் தரையிலுள்ள பதினோரு சுற்று வடிவத்தை, சான்பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தைச் சார்ந்த லாரன் ஆர்ட்ரெஸ் 1991இல் துணியில் வரையச் செய்து மக்களை நடக்க அழைத்தார். 1998இல் லேபிரிந்த் சங்கம் தோன்றியது. மே மாதத்தின் முதற் சனிக்கிழமையை உலக லேபிரிந்த் நாளாகக் கொண்டு, அவரவர் ஊர் நேரப்படி பிற்பகல் ஒரு மணிக்கு நடக்கும் வழக்கமும் அச்சங்கத்தால் பரவியது. பெங்களூரின் மே மாத வெயிலில் அந்நேரத்தில் வெறுங்காலுடன் நடக்க ஆள் கிடைப்பது அரிது என்பது வேறு செய்தி.

இக்கலையைப் பெங்களூரில் ஒரு திடலில் அமைக்க முனைவோர் உடன் சந்திக்கும் இடர் கற்களைப் பற்றியதன்று. வருவோர் படிக்கும் அறிவிப்பைக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுத வேண்டும்; தமிழ் வரியில் எந்தப் பெயரை இடுவது என்பதே வினா. தமிழில் இன்று கைக்கொள்ளப்படும் பெயர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். புதிர்ப்பாதை, சிக்கல்வழி போல்வன ஒரு வகை. சக்கரவியூகம், பத்மவியூகம் என இதிகாசத்திலிருந்து பெறப்படுவன மற்றொரு வகை. இவ்விரு வகையும் இக்கலையைப் பிழைபடக் காட்டுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார மக்கள் வழக்கில் ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்னும் பெயர் உயிருடன் இருக்க, அதனை விடுத்து அகராதிச் சொல்லைத் தேடுவதால் நேரும் இழப்பு ஒரு சொல்லின் இழப்போடு நில்லாது. இக்கூற்றை நிறுவ முதற்கண் பொருளின் இயல்பை வரையறுத்தல் வேண்டும்.

ஒற்றைவழியும் கிளைவழியும்

லேபிரிந்த், மேஸ் ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாக ஆளும் ஆங்கிலேயர் இன்றும் உளர். இக்கலையில் ஈடுபட்டோர் அவற்றைப் பிரித்தே ஆள்கின்றனர். மேஸில் வழிகள் கிளைக்கும், முட்டுச்சந்துகள் உண்டு, ஒவ்வொரு கவட்டிலும் நடப்பவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். லேபிரிந்தில் கிளை இல்லை. நில்லாது நடந்தால் நடுவிடம் வந்தே தீரும். திரும்பி நடந்தால் வாயில் வந்தே தீரும். மேஸ் என்னும் சொல் திகைக்கச் செய்தலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. நடப்பவரின் மனநிலையால் பொருளுக்கு வந்த பெயர் அது. செருமானியம் இன்னும் தெளிவாக, தவறித் திரிவதற்கான தோட்டம் எனப் பொருள்படும் தனிச்சொல்லை மேஸுக்கு ஆக்கிக்கொண்டது. ஸ்பானிய மொழியிலோ இரண்டுக்கும் ஒரே சொல். ஒக்டாவியோ பாஸ் 1950இல் வெளியிட்ட தனிமை பற்றிய கட்டுரைநூலின் தலைப்பிலும், காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1989இல் வெளியிட்ட பொலிவார் பற்றிய நாவலின் தலைப்பிலும் நிற்பது அச்சொல்லே. போர்ஹெஸின் 1941ஆம் ஆண்டுக் கதையில் தோட்டத்துப் பாதைகள் கிளைத்துக்கொண்டே செல்கின்றன. இத்தகைய இடங்களில் தமிழ்ப்படுத்துவோர் புதிர்ப்பாதை என்று எழுதினால் அதில் குறைகாண இயலாது. போர்ஹெஸுக்காகக் கொண்ட சொல்லையே தமிழகத்துக் கல்லடுக்குகளுக்கும் வாசற்கோலத்துக்கும் ஏற்றும்போதுதான் குறை தோன்றுகிறது.

இக்குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் பொறுப்பாக்குதல் தகாது. மூலமரபிலேயே சொல்லும் வடிவமும் பிளவுபட்டு நிற்கின்றன. தீசியஸ் நூலிழையைப் பற்றிக்கொண்டு மீண்ட கதை, கிளைவழி இருந்தாலன்றிப் பொருள்படாது. ஒற்றைவழியில் நூலுக்கு வேலையில்லை. ஆயின் அக்கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் கிரீட் தீவின் நாசஸ் நகரத்து வெள்ளிக் காசுகள் பலவற்றில் பொறிக்கப்பட்டிருப்பது ஏழு சுற்றுடைய ஒற்றைவழி. பிளேட்டோவின் யூதிதெமஸ் உரையாடலில் சாக்ரடீஸ், வாதம் முடிந்ததென்று எண்ணிய நேரத்தில் தாம் மீண்டும் தொடக்கத்திலேயே நிற்பதைக் கண்டதாகச் சொல்லி, அதனை லேபிரிந்துக்கு ஒப்பிடுகிறார். அவ்வுவமை கிளைவழியைவிட ஒற்றைவழிக்கே நன்கு பொருந்தும். வழி தவறியதால் அவர் தொடக்கத்துக்கு வரவில்லை. வழியின் வளைவே அவரை அங்குக் கொணர்ந்தது.

அபிமன்யுவுக்கு அடைபட்ட வாயில்

கதையும் வடிவமும் இவ்வாறு முரணுதல் கிரேக்கத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. பெங்களூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள ஹளேபீடு, இதற்கு இந்தியச் சான்று தருகிறது. அங்குள்ள 12ஆம் நூற்றாண்டு ஹொய்சளேசுவரர் கோயில், 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பெற்ற ஹொய்சளர் கோயில்களுள் ஒன்று. அதன் புறச்சுவரில் பாரதப் போர்க்காட்சிகளிடையே சக்கரவியூகம் செதுக்கப்பட்டுள்ளது. வளைவுகள் ஒன்றனுள் ஒன்றாகச் சென்று நடுவே சுருளாக முடியும் வடிவம் அது. ஆய்வாளர் இதனை லேபிரிந்தின் இந்திய வகையாகக் கொண்டு, நடுவிலுள்ள சுருளால் கிரீட் வகையினின்று வேறுபடுத்துவர்.

துரோண பருவத்தின்படி அபிமன்யுவுக்கு வியூகத்தைப் பிளந்து உட்புகத் தெரியும், வெளியேறத் தெரியாது. கிளையற்ற வழியில் இந்நிலை நேர இயலாது. புகுந்த வழியே மீளும் வழியுமாகும். கதையைக் கூர்ந்து நோக்கின் அதுவும் வழி தவறிய கதையன்று என்பது புலனாகும். அபிமன்யுவைப் பின்தொடர்ந்து வந்த பாண்டவர் நால்வரையும் வாயிலில் சயத்திரதன் தடுத்து நிறுத்துகிறான்; அருச்சுனனோ வேறொரு களத்தில் சம்சப்தகரோடு பொருதுகொண்டிருக்கிறான். வாயில் அடைபட்டதே இளைஞனின் அழிவுக்குக் காரணம். தெருக்கூத்தில் அபிமன்யு சண்டையைக் காணும் அவையோர் நெஞ்சுருகுவதும் அவனுடைய அறியாமைக்காக அன்று, அவன் தனித்து விடப்பட்டதற்காக.

எனினும் சொல்லின் இன்றைய பொருளை நிலைநாட்டியது கதையின் முடிவே. தமிழிலும் கன்னடத்திலும் சக்கரவியூகம் என்றால் மீளமுடியாப் பொறி. 1983இல் அம்பரீஷ் நடித்து வெளிவந்த கன்னடத் திரைப்படத்துக்கு அது தலைப்பு. 2024 ஜூலை 29 அன்று மக்களவையில் வரவுசெலவுத் திட்டத்தின்மீது உரையாற்றிய எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி, நாடு ஒரு சக்கரவியூகத்தில் அகப்பட்டிருப்பதாகக் கூறியதும் அப்பொருளிலேயே. கேட்டோர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இச்சொல்லைத் திடலின் வாயிலில் எழுதி வைத்து முதியோரையும் சிறுவரையும் உள்ளே நடக்க அழைப்பது, பொறிக்குள் புக அழைப்பதாகவே முடியும். வட இந்தியாவின் சில பகுதிகளில் மகப்பேற்று வலியுற்ற பெண்ணுக்குச் சக்கரவியூக வடிவத்தைக் காட்டும் வழக்கம் பதிவாகியுள்ளது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே வியூகத்தைக் கேட்டறிந்தவன் அபிமன்யு. ஆனால் அவ்வழக்கத்தில் வேண்டப்படுவது நலமாக வெளியேறுதல். சொல்லுக்கு இப்படியொரு மங்கலப் பொருளும் இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. தென்னாட்டுச் செவிக்கு அது இன்று எட்டாது.

எட்டு மதில், ஏழு சுற்று

வடிவம் வரையப்படும் முறையை அறிந்தாலன்றி மக்கள் வழக்குப் பெயரின் நுட்பம் விளங்காது. முதலில் ஒரு கூட்டற்குறி இடப்படும். அதன் நான்கு மூலை வெளிகளிலும் ஒவ்வொரு கோணமும், கோணங்களுக்கு அப்பால் ஒவ்வொரு புள்ளியும் வைக்கப்படும். கூட்டற்குறிக்கு நான்கு முனை, கோணங்களுக்கு எட்டு முனை, புள்ளிகள் நான்கு, ஆகப் பதினாறு. கூட்டற்குறியின் மேல்முனையை அடுத்துள்ள வலப்பக்க முனையோடு வளைவால் இணைத்து, பின் இடப்பக்கத்து அடுத்த முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு இணைத்து, இவ்வாறே ஒவ்வொன்றாக முன்னதைச் சூழ்ந்து வரும் வளைவுகளை வரைந்துகொண்டு போனால் எட்டு வளைவுகளில் பதினாறு முனைகளும் தீர்ந்துவிடும். கடைசி வளைவு கூட்டற்குறியின் கீழ்முனையில் வந்து சேரும். கணக்கு அறியாதவரும் ஒருமுறை கண்டால் கற்றுக்கொள்ளத்தக்க எளிய முறை இது. நினைவில் நிறுத்த வேண்டியது நடுக்குறி ஒன்றே.

வரையப்பட்ட கோடுகளே மதில்கள். அவற்றின் எண்ணிக்கை எட்டு. மதில்களுக்கு இடையே நடப்பதற்குக் கிடைக்கும் வெளிகள் ஏழு. அவ்வாறாயின் ஏழு சுற்றுக் கோட்டை என்னும் பெயரிலுள்ள ஏழு எதனை எண்ணுகிறது? கட்டுவோர் இடுவது எட்டு. நடப்போர் கடப்பது ஏழு. கோட்டை என்னும் தலைச்சொல் மதிலைச் சுட்ட, எண்ணடையோ நடையைச் சுட்டுகிறது. ஒரு தொடருக்குள்ளேயே கட்டுவோர் பார்வையும் நடப்போர் பார்வையும் இணைந்து நிற்பது, ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத சிறப்பு.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஏழு என்பது மரபெண். ஏழு கடல், ஏழு மலை போல எண்ணாமலே சொல்லப்பட்டிருக்கலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் ‘சுற்று’ என்னும் சொல்லின் ஆட்சி மேற்கண்ட விளக்கத்துக்கே துணைநிற்கிறது. கோயிற் கட்டடக்கலையில் மதில் வேறு, திருச்சுற்று வேறு. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகள் என்று கூறும்போது, மதில்கள் வளைத்த, மனிதர் நடமாடும் வெளிகளே கருதப்படுகின்றன. அவற்றுட் சில வீடும் கடையும் நிறைந்த தெருக்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையும் அவ்வெளியை ஒட்டிய கட்டடமே. திருவரங்கத்தில் கோபுரவாயில்கள் நேர்நின்று உள்ளே அழைத்துச் செல்கின்றன. கோட்டையிலோ நேர்வழி கிடையாது என்னும் வேறுபாடும் உடன்கருதத்தக்கது.

தொடரின் புணர்ச்சியும் நோக்கத்தக்கது. சுற்றுக் கோட்டை என ஒற்று மிக எழுதினால் சுற்றுகளை உடைய கோட்டை என விரியும்; இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஒற்றின்றிச் சுற்று கோட்டை என்றால் வினைத்தொகையாகிச் சுற்றுகின்ற கோட்டை என்றாகிவிடும். செய்தித்தாள்கள் ஒற்றை விட்டுவிட்டே அச்சிடுவதால் கோட்டையே சுழல்வதாகப் பொருள் தரும் அழகிய பிழையொன்று பரவி வருகிறது.

கன்னடத்தில் இதே தொடர் ஏளு சுத்தின கோட்டெ என வழங்குகிறது. பெங்களூருக்கு வடமேற்கே உள்ள சித்திரதுர்க்கக் கோட்டையின் புகழ்ப்பெயர் அது. தமிழ் ழகரத்துக்குக் கன்னட ளகரமும், தமிழ் றகர இரட்டைக்குக் கன்னடத் தகர இரட்டையும், தமிழ் ஐகார இறுதிக்குக் கன்னட எகர இறுதியும் ஒத்துவருதல் ஒலியியலார் அறிந்தவையே. கோட்டெ என்பதில் டகரம் கன்னட எழுத்தில் இரட்டிப்பதில்லை. தமிழில் உருபு தொக்கு நிற்கும் இடத்தில் கன்னடம் ‘இன’ என்னும் வேற்றுமை உருபை விரித்துச் சொல்கிறது. வேறுபாடு இவ்வளவே. சித்திரதுர்க்கத்தில் பெயர் உண்மையான மதில்களைக் குறிக்க, தருமபுரி வட்டாரத்தில் அதுவே முழங்கால் உயரமும் இல்லாத கல்வரிசையைக் குறிக்கிறது. சித்திரதுர்க்கத்தின் கதையிலும் ஓர் ஒற்றைவழி உண்டு: ஹைதர் அலியின் படையினர் பாறை இடுக்கு ஒன்றின் வழியே ஒருவர்பின் ஒருவராக நுழைய, காவலனின் மனைவி ஓபவ்வை உலக்கையால் அவர்களை வீழ்த்தினாள் என்று கன்னட மக்கள் போற்றுவர்.

கோட்டை, நகர் ஆகியவற்றின் பெயரால் இவ்வடிவத்தைச் சுட்டுதல் உலகெங்கும் காணப்படுகிறது. வேல்சு மக்களின் கேர்துரோயா என்னும் பெயரில் கேர் என்பது கோட்டை; ஜெஃப் சவார்ட் 1980இல் தொடங்கிய லேபிரிந்த் ஆய்விதழ் அப்பெயரையே தாங்குகிறது. சுவீடனில் துரோயாபோரி, அதாவது திராய்க் கோட்டை. ருஷ்யாவின் வெண்கடற்கரையில் பாபிலோன். ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதிய அல்பிரூனி, இராவணனுடைய இலங்கைக் கோட்டைக்கு வரைந்து காட்டிய படமும் இத்தகைய சுற்றுவடிவமே. இத்தனை மொழியினர் ஒருவரையொருவர் கேளாது கோட்டை என்று அழைத்த ஒன்றைத் தமிழர் மட்டும் புதிர் என்று அழைப்பது விந்தை. அதுவும் தமக்கெனக் கோட்டை என்னும் சொல் இருக்கும்போது.

வாசலும் திடலும்

தமிழகத்தில் இவ்வடிவத்தின் பெருவழக்கு கல்லில் இல்லை, கோலமாவில் இருக்கிறது. சென்னை மாகாணத்துக் கோலங்களைப் பற்றி ஞான துரை 1929இல் மேன் இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். அவற்றை உட்கொண்டு 1937இல் ஜான் லேயார்ட் ஃபோக்லோர் இதழில் தென்னிந்திய லேபிரிந்த் சடங்கு பற்றி நீண்ட கட்டுரை வரைந்தார். வாசற்கோலமும் பச்சை குத்தும் வடிவங்களும் அதன் பொருள். முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் பசிபிக் தீவான மாலெகுலாவில் களப்பணி செய்து, இறந்தோர் ஆவி செல்லும் வழியைக் குறிக்கும் மணற்கோலங்களைக் கண்டவர் லேயார்ட். அங்குக் கண்ட பொருளையே தமிழ்ப்பெண்டிர் வாசலிலும் அவர் தேடினார். நுண்ணறிவுமிக்க கட்டுரை எனினும், மார்கழிக் காலையின் மங்கலத்தில் சாவின் பயணத்தைக் காண்பது, ஒரு பண்பாட்டின் சொல்லுக்கு வேறொரு பண்பாட்டின் அகராதியைப் புரட்டுவது போன்றதே. இன்றைய புதிர்ப்பாதைச் சொல்லாக்கமும் அவ்வகைப்பட்டதுதான். ஒப்புமை தேடிய விரைவில் வரைந்தவரின் சொல் கேட்கப்படவில்லை.

இங்கு ஒரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். சிக்குக்கோலமும் கோட்டையும் ஒன்றல்ல. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக்கோலத்தின் கோடு தன்னைத் தானே பலமுறை வெட்டிக்கொண்டு தொடங்கிய இடத்திலேயே முடியும். அதற்கு வாயில் இல்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களுக்கு முறைசார் இலக்கணம் வகுத்தனர். கோட்டையில் கோடு மதில். வழியோ கோடு இடப்படாத வெறுந்தரை. சிக்குக்கோலத்தைக் கண்ணால் தொடரலாம். கோட்டையைக் காலால் நடக்கலாம். சிக்கு என்னும் பெயரின் ஒலி சிக்கல்வழி என்னும் ஆக்கத்துக்கு உள்ளூர்ச் சான்று போலத் தோன்றி மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றக்கூடும்.

கல்லால் ஆன கோட்டைகளும் உண்டு. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியிலும், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கெடிமேட்டிலும் உள்ளவை அண்மை ஆண்டுகளில் பேசப்பட்டவை. கெடிமேட்டுக் கோட்டை சதுரமானது. பக்கத்துக்கு ஏறத்தாழ 56 அடி. 2015இல் அது செய்தித்தாள்களில் இடம்பெற்றபோது ஈராயிரம் ஆண்டு பழமை அதற்குக் கூறப்பட்டது. தரைமேல் வெறுமனே வைக்கப்பட்ட கற்களின் காலத்தை அவற்றைக் கொண்டே கணித்தல் எளிதன்று. ஒரு கல் பெயர்ந்தால் வழிப்போக்கர் வேறொரு கல்லை வைத்துவிடுவர். அவ்வாறு வைத்தவர்களால்தான் அது நிலைத்தது என்பதே ஆண்டுக்கணக்கைவிட முதன்மையான உண்மை. கோலம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறப்பது போலக் கற்கோட்டையும் பல கைகள் தொடர்ந்து திருத்தி வருவதால் வாழ்வது. கூட்டுக்கலை என இதனைக் கூறுவதற்குக் காரணம் பலர் ஒரே நாளில் கூடிக் கட்டியது என்பதன்று. ஒருவரையொருவர் காணாத பலர் ஒரே வடிவத்தைக் காத்தனர் என்பதே.

சொல் தேர்வின் விளைவு இங்கேதான் பெரிதாகிறது. பெங்களூர்த் திடலில் புதிர்ப்பாதை என்று எழுதினால், வாசலில் கோட்டைக் கோலம் இடும் பெண் புதிர் அறியாத மாணவியாக வந்து நிற்பார். சார்த்ர் பேராலயத்தையும் சான்பிரான்சிஸ்கோவையும் பற்றி அவருக்கு விளக்கப்படும். ஏழு சுற்றுக் கோட்டை என்று எழுதினால், முதற்கூட்டற்குறியை இட்டுக் காட்டும்படி அவரிடமே கேட்க நேரும். ஊர்ப்புறத்தில் விளைவு இன்னும் கடுமையானது. கோட்டை என்று ஊரார் சொல்லும்வரை அந்நிலத்தில் கலப்பையோ இயந்திரமோ தயங்கும். அரசுக் கோப்பில் அது வேறு பெயரில் ஏறுமாயின், எந்தக் கற்களைப் பற்றி அக்கோப்புப் பேசுகிறதென்று ஊரார்க்கு விளங்காது. ஊரார் எதனைக் காக்கிறார்களென்று அலுவலர்க்கும் விளங்காது.

நடையைக் குறிக்கும் வினை

பெயர் முடிந்தாலும் வினை எஞ்சுகிறது. கோட்டையில் நடத்தலை வலம் வருதல் என்று பெயர்க்கும் வழக்கம் பக்திச் சாயலால் மனத்தைக் கவர்வது. ஆனால் அது பொருந்தாது. வெளியிலிருந்து சுற்றுகளை எண்ணினால் நடப்பவர் முதலில் புகுவது மூன்றாம் சுற்று; பின் இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு, ஆறு, ஐந்து என்னும் முறையில் சென்று நடுவிடம் அடைவார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முகம் திரும்பும். ஒற்றைப்படைச் சுற்றுகள் ஒரு திசையில் அமைந்தால் இரட்டைப்படைச் சுற்றுகள் எதிர்த்திசையில் அமையும். எனவே வலமும் இடமும் மாறிமாறி வரும். இடம் வருதல் தகாதெனக் கொள்ளும் மரபில் வந்தவரை வலம் வர அழைத்துவிட்டு இரண்டாம் திருப்பத்திலேயே அவ்வாக்கை மீறுவது நேர்மையாகாது. நான்காம் சுற்றைத் தாண்டியதும் ஏழாம் சுற்றில், அதாவது நடுவிடத்தை ஒட்டியே நடந்து, அதனை அடையாமல் மீண்டும் விலகி ஐந்தாம் சுற்றுவரை வெளியேறி, அதன்பின்னரே உட்புகுதல் இந்நடையின் தனித்தன்மை. இதற்கு வலம் என்னும் சொல்லில் இடமில்லை.

சுற்றுவழி என்பதும் ஆராயத்தக்கது. நேர்வழி இருக்க வளைந்து செல்லும் வழியைக் குறிக்க அது தமிழில் நெடுங்காலமாக உள்ளது. வீண் அலைச்சல் என்னும் குறிப்பையும் தாங்கி நிற்கிறது. அக்குறிப்பு முற்றிலும் பிழையென்று கூற இயலாதாயினும், அறிவிப்பில் எழுதினால் சாலைப் பணி நடப்பதாக எண்ணி மக்கள் திரும்பிச் சென்றுவிடுவர். எளிமையாகக் கோட்டை சுற்றுதல் என்பதே போதும். ஊர் சுற்றுதல், தேர் சுற்றி வருதல் போன்ற ஆட்சிகள் அதற்குப் பக்கபலம். வலம், இடம் என்னும் திசைக் கட்டுப்பாடும் அதில் இல்லை.

அமைத்தலைக் குறிக்கும் வினையில் வழக்கு இரண்டாகப் பிரியும். கோட்டை கட்டுதல் என்றால் மதிலோடு, நிலவைச் சூழும் ஒளிவட்டமும் நினைவுக்கு வரும். நிலா கோட்டை கட்டியிருப்பதாகச் சொல்வது மழைக்குறி காண்போர் வழக்கு. மனக்கோட்டை கட்டுவோரும் அதில் சேர்வர். கோலத்துக்கு உரிய வினையோ போடுதல் அல்லது இடுதல். திடலில் சுண்ணாம்புப் பொடியால் வரைவதைக் கோட்டை போடுதல் என்றும், கல் அடுக்குவதைக் கோட்டை கட்டுதல் என்றும் பிரித்தாளலாம். இப்பெயர் பிறநாட்டு வடிவங்களுக்கும் இடந்தரும். சார்த்ரில் இருப்பது பதினோரு சுற்றுக் கோட்டை. அங்கும் எண்ணப்படுவன நடக்கும் வெளிகளே. கிளைவழி உடைய மேஸுக்கும், போர்ஹெஸுக்கும், பாஸுக்கும் புதிர்ப்பாதை இருக்கட்டும்.

அறிவிப்புப் பலகையில் கன்னட வரி மேலே வரும். ஏளு சுத்தின கோட்டெ. அதன்கீழ் ஏழு சுற்றுக் கோட்டை. இரண்டு எழுத்துகளையும் அறிந்த பெங்களூர்ச் சிறுவன் ஒருவன், ஒரே வரி இருமுறை எழுதப்பட்டிருப்பதாகக் கருதி, மூன்றாவதாக உள்ள ஆங்கில வரிக்குப் பொருள் என்னவென்று கேட்கக்கூடும்.